இளம் சிறு விண்மீன்களை எடைபோடுவது எப்படி? கிரகண இரட்டைகள் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இது: "சூரியனில் பாதி நிறைகூட இல்லாத இளம் விண்மீன்களை ஆராய்பவர்கள், ஒன்றையொன்று மறைக்கும் ஜோடிகளையே ஏன் தேடித் தேடிப் போகிறார்கள்? தனியாக இருக்கும் விண்மீன்கள் ஏராளமாக இருக்கின்றனவே, அவற்றை அளந்தால் போதாதா? முதுகலை இயற்பியல் மாணவனாக இதில் நான் ஏதாவது புராஜெக்ட் செய்ய முடியுமா?"

தனி விண்மீனின் நிறையைப் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை, மதிப்பிடுகிறார்கள். அதனால்தான் ஜோடிகளைத் தேட வேண்டியிருக்கிறது. ஒரு தனி விண்மீனைப் பற்றி நம் கையில் இருப்பது அதன் வெளிச்சம், நிறம், நிறமாலை, கையா விண்கலம் அளந்து தந்த தூரம், அவ்வளவுதான். இவற்றிலிருந்து மொத்த ஒளிர்வையும் மேற்பரப்பு வெப்பநிலையையும் கணக்கிடலாம். நிறையும் வயதும் வேண்டுமென்றால், கணினியில் உருவாக்கிய விண்மீன் மாதிரிகளைத்தான் கேட்க வேண்டும். "இந்த ஒளிர்வும் இந்த வெப்பநிலையும் இருந்தால் சூரியனில் 0.3 பங்கு நிறை, 50 லட்சம் வயது" என்று மாதிரி சொல்லும். நாம் எழுதிக்கொள்வோம்.

சூரியனைப் போன்ற நடுவயது விண்மீன்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. அந்த மாதிரிகளைச் சூரியனையே வைத்துச் சரிபார்த்திருக்கிறார்கள். சிக்கல் இளம் சிறு விண்மீன்களில்தான். அவை இன்னும் முதன்மைத் தொடருக்கு, அதாவது மையத்தில் ஹைட்ரஜனை எரித்து நிலையாக ஒளிரும் கட்டத்துக்கு, வந்து சேரவில்லை. மையத்தில் ஹைட்ரஜன் எரிதல் நிலைப்படாததால், தன் ஈர்ப்பில் தானே சுருங்கி, அந்தச் சுருக்கத்தில் வெளியாகும் ஆற்றலில்தான் ஒளிர்கின்றன. சூரியனுக்கு இந்தக் கட்டம் சில கோடி ஆண்டுகளில் முடிந்துவிட்டது. சூரியனில் பத்தில் ஒரு பங்கு நிறை உள்ள விண்மீனுக்கோ பல பத்துக் கோடி ஆண்டுகள் ஆகும். இந்தக் காலம் முழுக்க ஆரம் மாறிக்கொண்டே இருக்கும், ஒளிர்வும் மாறும். போதாததற்கு, சூரியனில் ஏறக்குறைய 0.35 பங்குக்குக் கீழே போனால் விண்மீனின் உள்பகுதி முழுவதும் மேலும் கீழும் புரண்டு கொதிக்கும் வெப்பச்சலனம்தான். கடுமையான காந்தப்புலம், வேகமான சுழற்சி, மேற்பரப்பில் பெரிய பெரிய கரும்புள்ளிகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். இவ்வளவையும் எளிமைப்படுத்தித்தான் மாதிரி போடுகிறார்கள். மாதிரி தவறினால் நிறையும் வயதும் சேர்ந்தே தவறும், தனி விண்மீனில் அந்தத் தவறைக் காட்டிக்கொடுக்க எதுவுமே இருக்காது.

நம் விண்மீன் மண்டலத்தில் பத்துக்கு ஏழு விண்மீன்கள் செங்குள்ளன்கள், அதாவது இப்படி நிறை குறைந்த, சிவந்த சிறு விண்மீன்கள். அதனால் இதை ஓரமாக நிற்கும் ஒரு சிறு பிரச்சினையாக நினைத்துவிட வேண்டாம்.

சரி, இரட்டையில் மட்டும் எப்படி அளக்க முடிகிறது? இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும்போது, ஒன்று நம்மை நோக்கி வந்தால் மற்றது விலகிப் போகும். டாப்ளர் விளைவால் நிறமாலைக் கோடுகள் இரண்டாகப் பிரிந்து, நெருங்கி, ஒன்றாகி, மறுபடி பிரியும். எந்த விண்மீன் அதிக வேகமாக அலைகிறதோ அது இலேசானது, வேகங்களின் விகிதத்தைத் தலைகீழாகப் போட்டால் நிறைகளின் விகிதம். சுற்றுக்காலத்தையும் வேகத்தையும் நியூட்டனின் ஈர்ப்பு விதியில் போட்டால் நிறையே வந்துவிடும். ஒரே ஒரு குறை, சுற்றுப்பாதை நம் பார்வைக் கோட்டுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாது. நாம் பார்ப்பது வேகத்தின் ஒரு பகுதி மட்டுமாக இருக்கலாம். ஆகவே நிறமாலை மட்டும் இருந்தால் கிடைப்பது நிறையின் கீழ்வரம்பு.

கிரகணம் நடந்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும். ஒன்று மற்றதை மறைக்கிறது என்றாலே பாதையை நாம் விளிம்பிலிருந்து பார்க்கிறோம் என்று அர்த்தம். மறைப்பு நேரமும் அதன் வடிவமும் சாய்வைத் துல்லியமாகச் சொல்லும். கூடவே ஆரமும் கிடைக்கும். கிரகணம் எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்பதிலிருந்து, இடைவெளியோடு ஒப்பிட்டு ஆரம் எத்தனை பங்கு என்று தெரியும். இடைவெளியை நிறமாலை கிலோமீட்டரிலேயே தருகிறது. ஆக ஆரமும் கிலோமீட்டரில்! இதில் விண்மீனின் தூரம் தேவைப்படவில்லை, மாதிரியும் பெரிதாகத் தேவைப்படவில்லை. எத்தனை முறை இந்தக் கணக்கைப் போட்டாலும் எனக்கு இது அதிசயமாகவே இருக்கிறது. தொலைநோக்கியில் ஒரே புள்ளியாகத் தெரியும் ஒன்றுக்குள் இரண்டு கோளங்கள் இருப்பதைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் நிறையையும் ஆரத்தையும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பிழைக்குள் சொல்லிவிடுகிறோம்.

கருத்து பழையது. அல்கால் என்ற விண்மீன் 2 நாள் 21 மணிக்கு ஒருமுறை மங்குவதை 1783இல் ஜான் குட்ரிக் என்ற ஆங்கிலேய இளைஞர் விளக்கினார். இருண்ட துணை ஒன்று முன்னால் வந்து மறைப்பதாக இருக்கலாம் என்றார். காது கேளாதவர். 21 வயதிலேயே இறந்துவிட்டார்.

இப்போது ஒரு விண்மீனைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். விருச்சிகத்தின் தலைப்பகுதியில் மேல் விருச்சிகம் என்ற இளம் விண்மீன் கூட்டம் ஒன்று பரவிக் கிடக்கிறது. தூரம் சுமார் 470 ஒளியாண்டு. நாம் கேட்டை என்று சொல்லும் அண்டாரிஸ் அதன் உறுப்பினர், அனுஷத்தின் மூன்று விண்மீன்களும் அப்படியே. இந்தப் பளிச்சென்ற பெரிய விண்மீன்களோடு ஒரே காலத்தில் பிறந்த நூற்றுக்கணக்கான மங்கலான செங்குள்ளன்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் யூஸ்கோ-சிடிஐஓ 5.

அது ஒரு ஜோடி என்று 2005இல் ஆன்ஸ்கார் ரைனர்ஸ், கிப்பர் பாஸ்ரி, சுபஞ்ஜோய் மொகந்தி ஆகியோர் நிறமாலையை வைத்துக் கண்டுபிடித்தார்கள். சுற்றுக்காலம் 34 நாள். இரண்டும் சேர்ந்த நிறை குறைந்தபட்சம் சூரியனில் 0.64 பங்கு என்று வந்தது. அன்றைய மாதிரிகள் சொன்ன மொத்த நிறை அந்தக் கீழ்வரம்பையே எட்டவில்லை. மாதிரியில் எங்கேயோ கோளாறு என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் கிரகணம் இருப்பது தெரியாததால் ஆரம் இல்லை, சாய்வும் இல்லை.

கிரகணம் ஏன் தெரியவில்லை? 34 நாளுக்கு ஒருமுறை, சில மணி நேரம் நடக்கும் சங்கதி அது. தரையிலிருந்து பார்த்தால் பகல் குறுக்கிடும், மேகம் குறுக்கிடும். அதைப் பிடிக்க அதிர்ஷ்டம் வேண்டும். கெப்ளர் விண்கலத்தின் நான்கு சமநிலைச் சக்கரங்களில் இரண்டாவது 2013இல் பழுதானபோது, சூரிய ஒளியின் அழுத்தத்தையே ஊன்றிக்கொண்டு வானின் ராசி வட்டப் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் கே2 திட்டம் உருவானது. சக்கரம் பழுதாகாமல் இருந்திருந்தால் கெப்ளர் இந்தப் பக்கம் திரும்பியிருக்கவே வாய்ப்பில்லை. 2014 ஆகஸ்ட் இறுதியிலிருந்து நவம்பர் வரை மேல் விருச்சிகத்தை இடைவிடாமல் பார்த்தது. யூஸ்கோ-சிடிஐஓ 5இன் ஒளியில் கிரகணங்கள் தெளிவாகத் தெரிந்தன.

ஆடம் க்ராஸ் குழுவினர் 2015இல் வெளியிட்ட கணக்கில் நிறைகள் சூரியனில் சுமார் 0.33, 0.32 பங்கு. ஆரங்கள் சுமார் 0.83, 0.81. பிழை நூற்றுக்கு ஒன்றுக்குள். கூட்டினால் நிறை 0.65, பத்தாண்டுக்கு முன் வந்த கீழ்வரம்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பாதை கிட்டத்தட்ட விளிம்பிலேயே நமக்குத் தெரிவதால் கீழ்வரம்பும் உண்மையும் ஒன்றாகிவிட்டன. ஆரத்தைக் கவனியுங்கள். இதே நிறையில் முதிர்ந்த செங்குள்ளன் ஒன்றின் ஆரம் சூரியனில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். இவை அதைவிட இரண்டரை மடங்கு பெரியவை. சுருங்கும் கட்டத்தில் இருக்கும் விண்மீன் என்பதை வேறெப்படி இவ்வளவு நேரடியாகக் காட்ட முடியும்?

இந்த எண்களை வைத்து நீங்களே இரண்டு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்த நிறை 0.65, காலம் 34 நாள் என்றால் கெப்ளரின் மூன்றாம் விதிப்படி இடைவெளி சுமார் 38 சூரிய ஆரம். இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகை 1.64. ஆகவே இப்படி ஒரு ஜோடி, பாதை எப்படி வேண்டுமானாலும் சாய்ந்திருக்கலாம் என்ற நிலையில், நமக்குக் கிரகணம் காட்டும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கைந்துதான். ஒவ்வொன்றின் சராசரி வேகம் நொடிக்கு 28 கிலோமீட்டர் அளவில் வரும். இளம் விண்மீன்களின் அடையாளமான லித்தியம் கோடு 670.8 நானோமீட்டரில் இருக்கிறது. அது ஒவ்வொரு விண்மீனுக்கும் 0.06 நானோமீட்டர்தான் நகரும். இவ்வளவு சிறிய நகர்வைப் பிடிக்கத்தான் பெரிய தொலைநோக்கியும் உயர் பகுதிறன் நிறமாலைமானியும் வேண்டும்.

சுற்றுக்காலம் குறைந்த ஜோடிகள் எளிதாகக் கிடைக்கும். அதே மேல் விருச்சிகத்தில், அதே கே2 தரவில், சுற்றுக்காலம் 2.8 நாளே உள்ள ஒரு ஜோடி கிடைத்தது. நிறைகள் சூரியனில் சுமார் 0.12, 0.11 பங்கு. விண்மீன் என்று சொல்லக்கூடிய கீழ் எல்லையிலிருந்து அதிக தூரமில்லை. அவற்றின் ஆரமும் 0.4ஐத் தாண்டுகிறது, முதிர்ந்த நிலையில் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு.

இந்த அளவீடுகளின் விளைவு வயதில்தான் பெரிதாகத் தெரிகிறது. மேல் விருச்சிகத்தின் வயது 50 லட்சம் ஆண்டு என்று பல காலம் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 2012இல் மார்க் பெக்காட், எரிக் மமாஜெக், எரிக் பூபார் மூவரும் அங்குள்ள சற்றுப் பெரிய விண்மீன்களை ஆராய்ந்து 1 கோடியே 10 லட்சம் என்றார்கள். இரண்டு மடங்கு! ஒரே கூட்டத்தில், ஒரே காலத்தில் பிறந்ததாக நம்பும் விண்மீன்களில், பெரியவற்றைக் கேட்டால் ஒரு வயது, சிறியவற்றைக் கேட்டால் வேறு வயது. யாரோ பொய் சொல்கிறார்கள். கிரகண இரட்டைகள் சந்தேகத்தைச் சிறிய விண்மீன்களின் மாதிரி பக்கம் திருப்பின.

காரணம் காந்தப்புலமாக இருக்கலாம் என்பது இன்று வலுவான விளக்கம், நானும் அதன் பக்கம்தான். காந்தப்புலம் வெப்பச்சலனத்தைத் தடுக்கிறது. உள்ளிருக்கும் வெப்பம் எளிதில் வெளியேற முடியாது. வெப்பத்தை இழக்காமல் விண்மீன் சுருங்க முடியாது. ஆகவே அது மெதுவாகச் சுருங்குகிறது. அதே வயதில் காந்தப்புலம் இல்லாத விண்மீனைவிடப் பெரிதாக, மேற்பரப்பு சற்றுக் குளிராக நிற்கும். காந்தப்புலத்தைக் கணக்கில் எடுக்காத மாதிரியோடு ஒப்பிட்டால், பெரிதாக இருப்பதால் 'இளையது' என்றும், குளிராக இருப்பதால் 'நிறை குறைந்தது' என்றும் முடிவு வரும். யூஸ்கோ-சிடிஐஓ 5இல் நடந்தது இதுதான். கிரகரி ஃபைடன் 2016இல் காந்தப்புலத்தைச் சேர்த்து மாதிரி போட்டபோது, பெரிய விண்மீன்கள் சிறியவை இரண்டுக்கும் 1 கோடி ஆண்டு என்ற ஒரே வயது பொருந்தி வந்தது.

வயது 50 லட்சமா 1 கோடியா என்பதில் என்ன வந்துவிட்டது என்று தோன்றலாம். கோள்கள் உருவாகும் வாயுத் தட்டுகள் எவ்வளவு காலம் நிலைக்கின்றன என்பதை இப்படிப்பட்ட கூட்டங்களை வைத்துத்தான் சொல்கிறோம். கூட்டத்தின் வயது இரட்டித்தால் தட்டின் ஆயுளும் நீளும், வியாழன் போன்ற கோள் உருவாகக் கிடைக்கும் அவகாசமும் கூடும். இதே மேல் விருச்சிகத்தில் கே2-33பி என்ற கோளை 2016இல் அறிவித்தார்கள். பூமியைப் போல ஐந்து மடங்கு ஆரம், 5.4 நாளில் ஒரு சுற்று. அந்த ஆரம் விண்மீனின் ஆரத்தை வைத்துக் கணக்கிட்டது. விண்மீனின் ஆரத்தில் நூற்றுக்குப் பத்து தவறினால் கோளின் ஆரமும் பத்து தவறும், அடர்த்தி முப்பது அளவுக்குத் தவறும்.

இதைவிட வியப்பான ஜோடி ஓரியனில் இருக்கிறது. 2006இல் கீவன் ஸ்டாசன், ராபர்ட் மேத்யூ, ஜெஃப் வலென்டி மூவரும் ஓரியன் நெபுலாப் பகுதியில் ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு பழுப்புக் குள்ளன்களை (விண்மீனாக நிறை போதாத பொருள்களை) கண்டுபிடித்தார்கள். சூரியனில் சுமார் 5.5%, 3.5% நிறை. வயது ஏறக்குறைய 10 லட்சம். சுற்றுக்காலம் 9.8 நாள். ஹைட்ரஜனை எரிக்க முடியாத இந்தப் பொருள்களுக்கு நிறையையும் ஆரத்தையும் சேர்த்து நேரடியாக அளந்தது அதுவே முதல் முறை. முதிர்ந்த பழுப்புக் குள்ளன் வியாழன் அளவுதான் இருக்கும், இவையோ சூரிய ஆரத்தில் பாதிக்கும் மேல். அதை மாதிரிகளும் எதிர்பார்த்தன. யாரும் எதிர்பார்க்காதது வெப்பநிலை: நிறை கூடியது குளிராக இருந்தது, குறைந்தது சூடாக இருந்தது.

இது எப்படித் தெரிந்தது? ஒரு சுற்றில் இரண்டு கிரகணம் வரும். எது ஆழமாக இருக்கிறதோ, அப்போது பின்னால் போய் மறைந்திருப்பது பரப்பு வெளிச்சம் கூடிய விண்மீன், அதாவது சூடானது. அந்த நேரத்தில் யார் முன்னால் யார் பின்னால் என்று நிறமாலை வேகங்கள் சொல்லிவிடும். ஆழமான கிரகணத்தில் பின்னால் இருந்தது நிறை குறைந்த குள்ளன். அடுத்த ஆண்டு பார்த்தபோது நிறை கூடியது வேகமாகச் சுழல்வதும், காந்தச் செயல்பாட்டின் அடையாளமான ஹைட்ரஜன் உமிழ்வு அதில் பல மடங்கு பலமாக இருப்பதும் தெரிந்தது. மறுபடியும் காந்தப்புலம்தான்.

அதே ஓரியனில் பரெனாகோ 1802 என்ற ஜோடியும் உண்டு. இரண்டும் சூரியனில் சுமார் 0.4 பங்கு நிறை, வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுக்குள். ஒரே நிறை, ஒரே வயது, ஒரே மூலப்பொருள் என்றால் எல்லாமே ஒன்றுபோல இருக்க வேண்டும். ஆனால் வெப்பநிலையில் சுமார் 300 கெல்வின் வித்தியாசம், ஒளிர்வில் ஒன்று மற்றதைப் போல ஒன்றரை மடங்கு. ஒன்று மற்றதைவிடச் சில லட்சம் ஆண்டுகள் முன்னால் பிறந்திருக்கலாம் என்று 2008இல் விளக்கினார்கள். 10 லட்சம் வயதில் சில லட்சம் என்பது பெரிய இடைவெளி. ஆகவே இவ்வளவு இளம் வயதில் 'இரண்டும் ஒரே வயது' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது.

இதில் எச்சரிக்கையும் உண்டு. நெருங்கிச் சுற்றும் ஜோடிகள் ஒன்றின் ஓதவிசையால் (கடலில் ஓதத்தை எழுப்புவது போன்ற ஈர்ப்பு இழுப்பால்) மற்றது பூட்டப்பட்டு, சுற்றும் வேகத்திலேயே சுழல்கின்றன. வேகச் சுழற்சி காந்தப்புலத்தைக் கூட்டும். அப்படியானால் வீங்கிய ஆரம் என்பது சிறு விண்மீன்கள் எல்லாவற்றின் குணமா, நெருக்கமான ஜோடிகளின் குணம் மட்டுமா? முதிர்ந்த செங்குள்ளன் இரட்டைகளிலும் மாதிரியைவிட ஆரம் சில விழுக்காடு கூடியே இருக்கிறது. 1.27 நாளில் சுற்றும் சிஎம் டிராகோனிஸ் இதற்குப் பேர்போன உதாரணம். ஆனால் 2011இல் வெளியான 41 நாள் ஜோடி ஒன்றிலும் வீக்கம் தென்பட்டது. சுழற்சி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இதனால்தான் 34 நாள் சுற்றும் யூஸ்கோ-சிடிஐஓ 5ஐ நான் இவ்வளவு தூக்கிப் பேசுகிறேன். அதன் இரண்டு விண்மீன்களும் ஏறக்குறைய தனி விண்மீன்களைப் போலவே வாழ்கின்றன. 2.8 நாள் ஜோடிகள் பத்து கிடைப்பதைவிட இப்படி ஒன்று கிடைப்பது மேல் என்பது என் கருத்து.

அப்புறம் மூன்றாவது விண்மீன் தொல்லை. சூரியனைப் போன்ற விண்மீன்களில் 3 நாளுக்குக் குறைவாகச் சுற்றும் ஜோடிகளில் 96 விழுக்காட்டுக்கு மூன்றாவது துணை உண்டு என்று ஆன்ட்ரே டோகோவினின் குழு 2006இல் காட்டியது. அந்த மூன்றாவதன் ஒளி கலந்தால் கிரகணம் உண்மையைவிட ஆழம் குறைந்து தெரியும், ஆரக் கணக்கு கெடும். கெப்ளரைப் போலவே விண்மீன்களின் ஒளி மாற்றத்தை அளக்கும் டெஸ் விண்கலத்தின் ஒரு படப்புள்ளி வானில் 21 ஆர்க் நொடி (ஒரு ஆர்க் நொடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) அகலம். அதற்குள் பக்கத்து விண்மீன்களும் வந்து விழுந்துவிடும், நெபுலாப் பகுதியில் கேட்கவே வேண்டாம்.

இனி உங்கள் புராஜெக்ட். கட்டாயம் செய்யலாம். கெப்ளர், கே2, டெஸ் தரவுகள் முழுவதும் இணையத்தில் இலவசம். பைத்தானில் லைட்கர்வ் என்ற தொகுப்பை நிறுவி, விண்மீனின் பெயரைக் கொடுத்தாலே ஒளி வளைகோடு, அதாவது நேரத்தோடு அதன் வெளிச்சம் மாறுவதைக் காட்டும் வரைபடம், வந்துவிடும். இரட்டைகளுக்கு மாதிரி பொருத்த ஃபீபி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கல்லூரியில் ஒரு தொலைநோக்கியும் சிசிடி கேமராவும் இருந்தால், முதலில் ஒய்ஒய் ஜெமினோரம் என்ற ஜோடியைப் பிடியுங்கள். புனர்பூசத்தின் இரண்டு விண்மீன்களில் ஒன்றான காஸ்டர் உண்மையில் ஆறு விண்மீன் குடும்பம், அதில் இரண்டுதான் இவை. ஒவ்வொன்றும் சூரியனில் 0.6 பங்கு. ஒளியளவு 9, சுற்றுக்காலம் 19 மணி 32 நிமிடம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கிரகணம் என்பதால் ஏறக்குறைய பத்து மணிக்கு ஒன்று. ஒரு கிரகணம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் தமிழ்நாட்டிலிருந்து இரவு முழுக்கத் தெரியும். காஸ்டரின் ஒளி 70 ஆர்க் நொடி தள்ளி நின்று கண்ணைக் கூச வைக்கும், ஆகவே குறைந்த நேரப் படங்களாக நிறைய எடுங்கள்.

பிறகு கே2 தரவில் யூஸ்கோ-சிடிஐஓ 5க்கு வாருங்கள். கரும்புள்ளிகளால் வரும் மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்க வடிகட்டி போட வேண்டியிருக்கும். அதன் அகலத்தைச் சில மணி நேரம் என்று வைத்தால் கிரகணத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். ஆகவே கிரகண நேரங்களை முதலில் மறைத்துவிட்டு, மற்ற பகுதிகளில் மட்டும் வளைவைப் பொருத்தி நீக்குங்கள். அடுத்து, இரண்டாவது கிரகணம் சுற்றின் சரிபாதியில் வருகிறதா, தள்ளி வருகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். இதன் பாதை நீள்வட்டம், மையவிலகல் (வட்டத்துக்கு 0, நீள நீள 1ஐ நெருங்கும் எண்) 0.27 அளவு. இரண்டு கிரகண நேரங்களின் இடைவெளியிலிருந்தே அந்த நீள்வட்டம் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பெருமளவு தெரிந்துவிடும். மறைப்பு ஓரமாக நடக்கும் ஜோடிகளில் ஆரங்களின் கூட்டுத்தொகை நன்றாக வரும், அவற்றின் விகிதம் மட்டும் வழுக்கிக்கொண்டே போகும். அங்கே ஒளி வளைகோட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். நிறமாலையில் இரண்டு விண்மீன்களின் கோடுகளும் எந்த விகிதத்தில் ஒளி தருகின்றன என்பதை வெளியான கட்டுரைகளிலிருந்து எடுத்து, ஃபீபியில் ஒரு கட்டுப்பாடாகக் கொடுத்துவிட்டால் விகிதம் நிலைப்படும்.